‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: இயலாமைக் கொடுப்பனவு, அதற்கான மதிப்பீடு, ஜொப் சென்டர் என்ற அரச வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பு. அதனால் குடியுரிமை, வீட்டு வாடகை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுக்கவேண்டும். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீண்டகால நோயாலோ இயலாமையாலோ அன்றாடம் உதவி தேவைப்படுவோருக்குத் தரும் பிப் கொடுப்பனவின் இடத்தில் உங்கள் பக்கத்தில் 2022 முதல் வேறொன்று வந்துவிட்டது, அதைச் சோஷல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்துதான் பார்க்கிறது. பிப் பற்றி நான் சொல்வதை இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை இன்னும் சரியாக வேலை செய்வதில்லை. இரண்டு வருடமாக பிப் வருகிறது. வேலை போன பிறகு இருவருமாக யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு) விண்ணப்பித்தோம். இப்போது வேலை சம்பந்தமான நேர்காணலுக்கு வரச் சொல்லி ஜேர்னலில் (அதன் இணையக் கணக்கின் செய்திப் பக்கம்) செய்தி வந்திருக்கிறது. இயலாதவர் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு காசு தருகிறது, பிறகு அதே அரசாங்கம் வேலைக்கு வா என்கிறதா? போகாமல் விட்டால் என்ன செய்வார்கள்? — ஹரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: அக்கா, கோபம் நியாயம்தான், ஆனால் போகாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பிப் ஒரு வாசல், யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கும் ‘வேலை செய்யும் இயலளவு’ மதிப்பீடு இன்னொரு வாசல். இரண்டையும் ஒரே திணைக்களம்தான் நடத்துகிறது, ஆனாலும் ஒன்றில் கிடைத்த முடிவு மற்றதில் தானாகச் செல்லாது. சமைக்க, குளிக்க, உடுக்க, வெளியே போய்வர எவ்வளவு உதவி தேவை என்று பார்ப்பது பிப். வேலைக்குப் போகிறவருக்கும் அது கிடைக்கும், வருமானம் எவ்வளவு என்று அதில் கேட்பதே இல்லை. அதனால்தான் பிப் கடிதத்தை நீட்டினாலும் ஜொப் சென்டரில் இருப்பவர் ‘சரி, ஆனால் இது வேறு’ என்கிறார். அவர் சொல்வது எரிச்சலாக இருந்தாலும் சட்டப்படி சரி.

உங்கள் கணவர் இரண்டாவது வாசலுக்குள் இன்னும் போகவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. முதல் வேலையாக ஜிபியிடம் (குடும்ப வைத்தியர்) ஃபிட் நோட், அதாவது வேலை செய்ய இயலாது என்ற மருத்துவச் சான்று, எடுங்கள். நம்மவர் இன்னும் சிக் நோட் என்றுதான் சொல்கிறார்கள், எப்படிச் சொன்னாலும் சரி, எடுங்கள். 2022 ஜூலையிலிருந்து தாதி, பிசியோதெரபிஸ்ட், பார்மசிஸ்ட் போன்றவர்களும் அதைத் தரலாம், எனவே டொக்டரின் அப்பொயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. அதன் விவரத்தை யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உடல்நிலை மாற்றமாக அறிவியுங்கள். இருபத்தெட்டு நாள் தாண்டியும் வருத்தம் தொடர்ந்தால் வழக்கமாக அவரை மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டும். முடிவு வரும்வரை ஃபிட் நோட் இடைவெளி இல்லாமல் தொடரவேண்டும். ஒன்று முடிந்து பத்து நாள் கழித்து அடுத்ததை எடுத்தால் அந்தப் பத்து நாளுக்கும் பதில் சொல்லவேண்டி வரும்.

மதிப்பீட்டின் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். வேலை செய்யலாம் என்பது ஒன்று. இப்போது வேலை செய்ய இயலாது, ஆனால் மெல்ல மெல்லத் தயாராகலாம் என்பது இரண்டாவது. இந்தப் பிரிவில் இருப்பவரை நேர்காணலுக்கு அழைக்கலாம், சிவி எழுதப் பழகு, ஒரு பயிற்சிக்குப் போ என்று சொல்லலாம், ஆனால் வேலைக்கு விண்ணப்பி என்று கட்டாயப்படுத்த முடியாது. வேலையும் வேண்டாம் தயாராவதும் வேண்டாம் என்பது மூன்றாவது. அந்தப் பிரிவில் நேர்காணல் கட்டாயமே இல்லை, மேலதிகப் பணமும் அதில்தான் உண்டு. அந்தப் பணம் 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மாதம் 217.26 பவுண்ஸ். ஏற்கெனவே இருந்தவர்களுக்கும், மிகக் கடுமையான, மாறாத நோய் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. பொதுவாக முதல் மூன்று மாதக் கணக்குக் காலம் முடிந்த பிறகுதான் அது சேரத் தொடங்கும் என்பதாலும் ஃபிட் நோட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது அந்த நேர்காணல். போகாவிட்டால் தண்டனை உண்டு. அடிப்படைத் தொகை வெட்டப்படும், அடுத்த நேர்காணலுக்குச் சம்மதித்துப் போகும்வரைக்கும் அது ஓடும், அதற்கு மேலும் 7 நாளோ 14 நாளோ 28 நாளோ, எத்தனையாவது தரம் என்பதைப் பொறுத்து. வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் வரும் பகுதியில் கைவைக்க மாட்டார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் ‘போகமாட்டேன்’ என்பதற்கும் ‘இப்படி வர இயலாது’ என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஜேர்னலில் இன்றைக்கே எழுதுங்கள்: கணவருக்குப் பக்கவாதம், பஸ்ஸில் தனியாக வரமுடியாது, நேர்காணலைத் தொலைபேசியில் வையுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. இது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தரும் உரிமை, சலுகை கேட்பதாக நினைக்கவேண்டாம். போனில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும்.

அன்று திடீரென்று முடியாமல் போனால் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அறிவிக்கவும் முடியாமல் போயிருந்தால் தகுந்த காரணத்தைப் பிறகு எழுதினாலும் அவர்கள் பார்க்கவேண்டும். அப்புறம், நேர்காணலில் வேர்க் கோச் (ஜொப் சென்டரில் உங்களைக் கவனிக்கும் அலுவலர்) சொல்கிற எல்லாவற்றுக்கும் ‘ஓகே, ஓகே’ என்று தலையாட்டி, வீட்டுக்கு வந்து கணக்கில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்துகிற பழக்கம் எங்களிடம் உண்டு. அந்தக் கடமைப் பட்டியலில் கிழமைக்கு 35 மணிநேரம் வேலை தேடுவேன் என்று இருந்தால் நீங்கள் அதற்குக் கையெழுத்து வைத்த மாதிரி. மதிப்பீட்டு முடிவு வரும்வரை அந்தக் கடமைகளைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ வேர்க் கோச்சுக்கு அதிகாரம் இருக்கிறது, கேட்டால்தான் பாவிப்பார்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவருடைய பிப்பில் அன்றாட வாழ்க்கைப் பகுதி இருக்கிறதா? இருந்து, நீங்கள் கிழமைக்கு 35 மணிநேரமாவது அவரைப் பார்த்துக்கொண்டால், பராமரிப்பாளர் என்று அறிவியுங்கள். மேலதிகத் தொகை வரும், உங்களையும் வேலை தேடச் சொல்லமுடியாது. ‘புருஷனைப் பார்ப்பதற்குக் காசா’ என்று கூச்சப்பட்டு இதை விட்ட எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. வெயார்ஹவுஸில் 19 வருடம் பெட்டி தூக்கி நாரியும் இரண்டு முழங்காலும் போய்விட்டன. யூசி50 என்ற, வேலை செய்யும் இயலளவு மதிப்பீட்டுக்கான படிவம் வந்திருக்கிறது. நான் ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, அவர் ‘ஏன் ஏலாது, ஏலும், அப்படியே போடு’ என்கிறார். நான் வேறு மாதிரி எழுதினால் பொய் எழுதினதாகிவிடுமா? — ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு மகள்

பதில்: தங்கச்சி, உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க எத்தனையோ வருடமாக ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் அப்பாதான். நடக்க ஏலுமா? ஏலும். எவ்வளவு தூரம்? எவ்வளவும். அப்புறம் போகும்போது மேசையைப் பிடித்து, கதிரையைப் பிடித்து, சுவரைப் பிடித்துக் கதவடிக்குப் போய்ச் சேருவார்.

ஒரு காரியத்தை ஒரு தரம் எப்படியாவது செய்துமுடிக்க ஏலுமா என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள், தாங்கமுடியாத வலியோ களைப்போ இல்லாமல் செய்ய ஏலுமா என்று கேட்கிறது. இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்துங்கள். ‘ஏலுமா’ என்பதை விட்டுவிட்டு, ‘செய்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும்’ என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

பரீட்சை மாதிரிப் புள்ளி போடுகிறார்கள், 15 எடுத்தால் வேலை செய்ய இயலாதவர் என்று ஏற்பார்கள். புள்ளி எங்கே விழுகிறது என்று தெரியாமல் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது போல, அதனால் அப்பாவுக்குப் பொருந்துகிற இரண்டை மட்டும் சொல்கிறேன். நடமாட்டம்: சமதரையில் நிற்காமல் 50 மீட்டருக்கு மேல் போகமுடியாவிட்டால் அதற்கு மட்டுமே 15. எல்லை 100 மீட்டர் என்றால் 9, 200 மீட்டர் என்றால் 6. ஏறக்குறைய ஐந்து இரண்டடுக்கு பஸ்ஸை வரிசையாக விட்டால் 50 மீட்டர் வரும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தரம் அளந்தே பாருங்கள். அடுத்தது இருப்பதும் நிற்பதும்: வேலை செய்யும் இடத்தில் இருந்தோ நின்றோ இரண்டையும் மாற்றி மாற்றியோ அரை மணிக்கு மேல் தாங்கமுடியாமல் எழும்பிப் போகவேண்டும் என்றால் 9, ஒரு மணிக்கு மேல் என்றால் 6. ஆக, 200 மீட்டரும் அரை மணியும் சேர்ந்தாலே 15 ஆகிவிட்டது. பெரும்பாலான நேரம் இப்படி என்றால் போதும், ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கவேண்டியதில்லை.

தூக்குவது பற்றிய கேள்வியில் அப்பா பக்கம் பக்கமாக எழுதச் சொல்வார், 25 கிலோ மூட்டை, மேல்தட்டு, அந்த மனேஜர் என்று. வேண்டாம். அங்கே பார்ப்பது அரை லீட்டர், ஒரு லீட்டர் பெட்டியைத் தூக்கி நகர்த்த ஏலுமா, பெரிய ஆனால் பாரமில்லாத வெறும் அட்டைப்பெட்டியைத் தூக்க ஏலுமா என்பதுதான். கை நன்றாக இருக்கும் மனிதருக்கு அதில் ஒன்றும் விழாது, இருக்கிற மூச்சை நடையிலும் இருப்பிலும் செலவழியுங்கள்.

நடமாட்டக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் அந்தத் தூரம் போகமுடியும் என்றாலும் ‘நடமாடமுடியும்’ என்று கணக்கெடுப்பார்கள், வீட்டில் நாற்காலி இல்லாவிட்டாலும்கூட. பிப்பில் இந்தக் கணக்கு இல்லை, அங்கே கால் நடை மட்டும்தான். அதனால் நாரி வலியோடு சக்கரத்தைத் தள்ளினால் என்ன ஆகும், தோளோ மணிக்கட்டோ பிடிக்குமா என்பதையும் உண்மையாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

‘நடக்கக் கஷ்டம்’ என்பது ஒன்றும் சொல்லாத வசனம். இப்படி எழுதிப் பாருங்கள்: வீட்டிலிருந்து பஸ் தரிப்பு ஏறக்குறைய 150 மீட்டர், இடையில் மூன்று தரம் நிற்பேன், ஒவ்வொரு தரமும் மதிலில் சாய்ந்து ஐந்து நிமிடம், போய்ச் சேர்ந்தால் அன்றைக்குத் திரும்ப அப்படி நடக்கமுடியாது, கிழமையில் நான்கைந்து நாள் இப்படி, மற்ற நாட்களில் ஒரு தரம் நின்றால் போதும். நல்ல நாளையும் எழுதியாயிற்று, கெட்ட நாளையும் எழுதியாயிற்று, பொய் எங்கே இருக்கிறது? கூட்டி எழுதச் சொல்லவில்லை. கூட்டி எழுதினால் மதிப்பீட்டாளர் ஒரு கேள்வியிலேயே பிடித்துவிடுவார், பிறகு உண்மையாக எழுதினதையும் நம்பமாட்டார். அப்பா எழுதச் சொல்கிற ‘ஏலும், ஏலும்’தான் உண்மையில் பொய், மானத்துக்காகச் சொல்கிற பொய்.

படிவத்தை நான்கு கிழமைக்குள் அனுப்பவேண்டும். முடியாது என்று தெரிந்தால் நாள் முடியுமுன்பே போன் எடுத்து அவகாசம் கேளுங்கள். ஸ்கான் முடிவு, ஆஸ்பத்திரிக் கடிதம், மருந்துப் பட்டியல் எல்லாவற்றிலும் பிரதி மட்டும் அனுப்பி மூலத்தை வீட்டில் வையுங்கள், நிரப்பிய படிவத்தையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். ஜிபியிடம் கடிதம் கேட்டால் ‘இவருக்கு முதுகுவலி’ என்று ஒரு வரியில் தருவார், அதனால் பெரிய பிரயோசனம் இல்லை, சிலர் அதற்குக் காசும் கேட்பார்கள். நடை, இருப்பு பற்றி எழுதித் தாருங்கள் என்று குறிப்பாகக் கேட்டால் எடுபடும்.

கேள்வி: என் தம்பி ஊரில் தடுப்பில் இருந்துவிட்டு வந்தவன். இரவில் நித்திரை இல்லை, ஆட்களைக் கண்டால் அறைக்குள் போய்விடுவான். போன மாதம் யூனிவர்சல் கிரெடிட் மதிப்பீட்டுக்காகத் தொலைபேசியில் கதைத்தார்கள், மொழிபெயர்த்தவர் தமிழர் என்றதும் இவன் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ‘பிரச்சினை இல்லை’ என்று சொல்லியிருக்கிறான். இனி பிப்புக்கும் இதே மாதிரி ஒரு அழைப்பு வரப்போகிறது. — குரொய்டன் வாசகர்

பதில்: இதை நிறையப் பேர் வெளியே சொல்வதில்லை, எழுதியதற்கு நன்றி. அவனுடைய பயம் விளங்குகிறது. இலண்டன் எங்களுக்குச் சின்ன ஊர், மறுமுனையில் இருப்பவர் யாருக்குச் சொந்தம், எங்கே போய்ச் சொல்வார் என்ற எண்ணம் வந்தபிறகு யார் வாய் திறப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர் என்று அழைப்புக்கு முதல் நாளே அவனுக்குச் சொல்லுங்கள். கதைக்கத் தொடங்கியதும் அவனுக்குத் தெரிந்த ஆள் என்றோ பேச்சுவழக்கு விளங்கவில்லை என்றோ பட்டால், நிறுத்தி வேறு ஆளைக் கேட்கலாம், அதற்காக அவனைக் குறை சொல்லமுடியாது. பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளரையும் பெண் மதிப்பீட்டாளரையும் முன்கூட்டியே கேட்டுவைக்கலாம்.

தொலைபேசி அவனுக்குச் சரிவராது என்றால் நேரில் வைக்கச் சொல்லி எழுதுங்கள். துணைக்கு ஒருவர் இருக்கலாம், நீங்களே இருங்கள். அவன் ‘பிரச்சினை இல்லை’ என்றதும் ‘தம்பி சொல்வது இப்படி, நான் வீட்டில் பார்ப்பது இப்படி’ என்று நீங்கள் சேர்த்துச் சொல்லலாம். ஒலிப்பதிவு வேண்டும் என்றால் திகதிக்கு முன்பே கேளுங்கள், பின்னால் அறிக்கையில் பிழை இருந்தால் அது கைகொடுக்கும்.

கேள்விகள் சும்மா கதைப்பது போல வரும். ‘ஒரு நாள் எப்படிப் போகும்?’ ‘கடைக்குப் போவீர்களா?’ ‘கோயிலுக்குப் போவீர்களா?’ எங்கள் ஆள் மரியாதைக்கு ‘ஓம், போவேன்’ என்பார். அறிக்கையில் என்ன வரும் தெரியுமா? வழமையாகக் கோயிலுக்குப் போகிறார், கூட்டத்தில் பழகுகிறார். நடந்தது என்னவென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, அண்ணாவின் காரில் போய் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பியது. ‘ஓம்’ என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல், யாரோடு, எத்தனை தரம், எவ்வளவு நேரம், போய்வந்த பிறகு என்ன என்று முடிக்கப் பழக்குங்கள்.

பிப்பில் அவனுக்குப் பொருந்தக்கூடியது நான்கு சொற்கள்: பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவையான தடவை, நியாயமான நேரத்துக்குள். சுகமான ஒருவர் ஆகக் கூடினால் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது ‘செய்யமுடியும்’ கணக்கில் வராது. சமைக்கத் தெரியும், ஆனால் அடுப்பை எரியவிட்டுவிட்டு வேறு உலகத்துக்குப் போய்விடுவான் என்றால் அது பாதுகாப்பாகச் சமைப்பது அல்ல. பாதி நாளுக்கு மேல் அப்படியென்றால் புள்ளி உண்டு. அன்றாட வாழ்க்கையிலும் நடமாட்டத்திலும் தனித்தனியாக 8 புள்ளி சாதாரண வீதத்துக்கு, 12 கூடிய வீதத்துக்கு. நடமாட்டம் என்றதும் கால் பற்றியது என்று விட்டுவிடாதீர்கள், தனியே ஒரு பயணம் போக மனம் விடாததும் அதில்தான் வருகிறது.

யூனிவர்சல் கிரெடிட் முடிவு பாதகமாக வந்தால் இதை மறக்காதீர்கள்: புள்ளி போதாவிட்டாலும், வேலை தேடு என்ற நெருக்குதலில் வைத்தால் அவனுடைய உடலுக்கோ மனதுக்கோ பாரிய ஆபத்து என்று காட்டமுடிந்தால் மூன்றாவது பிரிவில் சேர்க்க விதி இருக்கிறது. அதற்கு உங்கள் வார்த்தை போதாது, மனநல வைத்தியரோ அவனைப் பார்க்கிற ஆலோசகரோ ‘ஆபத்து’ என்ற சொல்லைப் போட்டு எழுதவேண்டும். இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவனே உயிரை வெறுத்துக் கதைத்தால் படிவம், கடிதம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு 111க்கு அழைத்து 2ஐ அழுத்துங்கள், உடனடி ஆபத்து என்றால் 999.

கேள்வி: அகதி அந்தஸ்துக் கிடைத்து ஆறு மாதம். முழங்காலுக்குக் கீழ் கால் இல்லை. இரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்தால்தான் பிப் கேட்கலாம் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். — இல்போர்ட்

பதில்: தம்பி, கூட இருப்பவர்கள் சொன்னது பாதி சரி. கடந்த 156 கிழமையில் 104 கிழமை இங்கே இருந்திருக்கவேண்டும் என்ற விதி பொதுவாக உண்டு, ஆனால் அகதி அந்தஸ்தோ மனிதாபிமானப் பாதுகாப்போ கிடைத்தவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் அது பொருந்தாது. இன்றைக்கே போன் எடுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் நீங்கள் அழைத்த நாளிலிருந்துதான் பணம் கணக்காகும், பின்னோக்கித் தரமாட்டார்கள். மாறாக, விசாவில் ‘பொது நிதி பெறமுடியாது’ என்று இருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க ஓடவேண்டாம். பிப்பும் யூனிவர்சல் கிரெடிட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, விசாவுக்கே பிரச்சினை வரலாம். முதலில் குடிவரவு ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: பிப்புக்குப் போட்டேன், பூச்சியம் புள்ளி. நான் கதைத்த பெண் அவ்வளவு அன்பாகக் கேட்டாள், கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாள். வழக்குப் போட்டுச் சண்டைபிடிக்க எனக்குத் தெம்பு இல்லை, விட்டுவிடலாமா? — டூட்டிங் வாசகி

பதில்: விடவேண்டாம். அந்தப் பெண் முடிவெடுப்பவள் அல்ல, அவள் ஒரு தனியார் நிறுவனத்துக்காக அறிக்கை எழுதும் தாதியாகவோ பிசியோவாகவோ இருப்பாள், முடிவெடுப்பது திணைக்களத்தில் இருக்கும் இன்னொருவர், உங்களைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அன்பாகக் கேட்டாளா கடுமையாகக் கேட்டாளா என்பதில் ஒன்றும் இல்லை.

போன் எடுத்து அந்த அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள், இலவசம். அதை ஒரு பேனையோடு வாசியுங்கள். ‘அரை மணிநேரம் கதிரையில் வசதியாக இருந்தார்’ என்று இருக்கும், நீங்களோ இரண்டு தரம் எழும்பி நின்றிருப்பீர்கள். அப்படியானவற்றைப் பக்க இலக்கத்தோடு குறித்துக்கொண்டு, முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். ஒரு மாதம் தாண்டிவிட்டாலும் தகுந்த காரணம் இருந்தால் 13 மாதம்வரை கேட்கலாம். மறுபரிசீலனையில் பெரும்பாலும் ‘மாற்றமில்லை’ என்றுதான் வரும், மனம் உடைந்துவிடாதீர்கள், அது அடுத்த கதவைத் திறக்கும் சீட்டு மாதிரி. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நியாயசபைக்கு மேன்முறையீடு.

நியாயசபை என்றதும் கறுப்பு அங்கி, கூண்டு என்று ஊரில் கண்ட நீதிமன்றத்தை நினைக்கவேண்டாம். ஒரு மேசை, நீதிபதி ஒருவர், வைத்தியர் ஒருவர், பிப் என்றால் இயலாமை பற்றிய அனுபவம் உள்ள ஒருவர். அவர்கள் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. மொழிபெயர்ப்பாளர் இலவசம், மேன்முறையீட்டுப் படிவத்திலேயே கேட்கவேண்டும், அங்கே மகனோ மகளோ மொழிபெயர்க்க விடமாட்டார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. கடிதங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லவும் வழி உண்டு, ஆனால் என்னைக் கேட்டால் நேரிலோ வீடியோவிலோ போனிலோ உங்கள் குரல் கேட்கட்டும். கடந்த சில வருடங்களாக விசாரணைக்குப் போன பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவருக்குச் சாதகமாகத்தான் முடிந்திருக்கின்றன. திணைக்களம் முடிவெடுத்த அன்றைக்கு உங்கள் நிலைமை எப்படி இருந்தது என்றுதான் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு மோசமானது தனிக் கதை, தேவையானால் புதிய விண்ணப்பம். உங்களுக்குப் பூச்சியம் என்பதால் இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஏதோ ஒரு தொகை வந்துகொண்டிருக்கிற வாசகர்கள் கவனம், நியாயசபை அதைக் குறைக்கவும் முடியும், முதலில் ஆலோசனை எடுங்கள்.

தெம்பு இல்லை என்றீர்களே, அதற்குத்தான் சிட்டிசன்ஸ் அட்வைஸ், உங்கள் பகுதிச் சட்ட நிலையம், சில கவுன்சில்களில் இருக்கும் கொடுப்பனவு ஆலோசகர்கள். ஒரு இடத்தில் நேரம் இல்லை என்றால் அடுத்த இடம். தமிழ்க் கடையில் ஒட்டியிருக்கும் துண்டைப் பார்த்து, ‘எடுத்துத் தருகிறேன், வருகிற பணத்தில் பங்கு தா’ என்று சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். இலவசமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நான்கு புள்ளி விதி வந்து பிப்பை எல்லாருக்கும் வெட்டப்போகிறார்களாம், வட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: பழைய செய்தி. அன்றாட வாழ்க்கையில் ஏதாவது ஒன்றிலாவது 4 புள்ளி எடுக்கவேண்டும் என்று 2025 மார்ச்சில் அரசாங்கம் முன்வைத்தது, பாராளுமன்றத்தில் சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்ததால் அந்த ஜூலையில் மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் பிப் பற்றிய மீளாய்வு என்று அதை மாற்றினார்கள். மேலே சொன்ன வேலை இயலளவு மதிப்பீட்டையும் 2028இல் இல்லாமல் செய்யும் திட்டம் இருக்கிறது. அந்த வட்ஸ்அப் செய்தியை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: கிழமைக்கு 12 மணிநேரம் ஒரு கடையில் கல்லாவில் இருக்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்களா?

பதில்: பிப்பைத் தொடமாட்டார்கள். ஆனால் படிவத்தில் எழுதியதற்கும் செய்யும் வேலைக்கும் முரண் இருக்கக்கூடாது, உடல்நிலை மாறியிருந்தால் அறிவிக்கவேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டில் இரண்டாவது அல்லது மூன்றாவது பிரிவில் இருந்தால் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். 2025-26 கணக்கில் வாடகைப் பகுதியும் பெறுகிறவருக்கு மாதம் 411 பவுண்ஸ், பெறாதவருக்கு 684. அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறையும். கையில் காசாக வாங்குங்கள் என்று முதலாளி சொன்னால் சம்மதிக்காதீர்கள், பிடிபட்டால் அவருக்கு அபராதம், உங்களுக்கு மோசடி வழக்கு.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவது நான்தான். அவவுக்கு பிப் போடலாமா?

பதில்: பென்ஷன் வயது தாண்டியபிறகு பிப் புதிதாகக் கேட்கமுடியாது. அவவுக்கு உரியது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். 2025-26இல் கிழமைக்கு 73.90 பவுண்ஸ், இரவிலும் பகலிலும் உதவி தேவையென்றால் 110.40. ஆறு மாதமாக இந்த நிலை இருக்கவேண்டும். சேமிப்பு, பென்ஷன் எதையும் கேட்கமாட்டார்கள். ஜொப் சென்டரும் இல்லை, நேர்காணலும் இல்லை, பெரும்பாலும் படிவத்தோடு முடிந்துவிடும். படிவத்தை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நிரப்புங்கள், ஆனால் ‘குளிக்க உதவி தேவையா’ என்ற கேள்வியை அவவிடம் கேட்காதீர்கள். ‘நான் என்ன பச்சைப்பிள்ளையா’ என்பா.